சிகிச்சை முடிந்து குழுவுக்குத் திரும்பும் சகோதரி



இந்த மாத உடல்நலப் பாடம் மார்பகப் புற்றுநோய் பற்றியது. கட்டி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, இருந்தால் எங்கே போவது என்பதை நாம் பல கூட்டங்களில் பேசிவிட்டோம். ஆபரேஷன், கீமோ ஊசி, கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்து ஒரு சகோதரி வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன என்று இதுவரை பேசியதில்லை. இந்த முறை அதைத்தான் எழுதுகிறேன். வழக்கம்போல் படிக்கத் தெரிந்த ஒருவர் நிறுத்தி நிதானமாக உரக்கப் படியுங்கள். பாடம் கொஞ்சம் நீளம். இரண்டு கூட்டமாகப் பிரித்துப் படித்தாலும் சரிதான்.

நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் 1954-இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, இந்த நோய் வந்தவர் பிழைத்து வருவார் என்று நம்பியவர்கள் குறைவு. இப்போது ஆரம்பத்திலேயே பார்த்து முழுச் சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். திரும்பி வருகிறவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதுதான் நமக்கு இன்னும் பழகவில்லை. எனக்கும் பழகவில்லை. என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

நாற்காலியும் பேப்பர் கப்பும்

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு குழு. அதில் ஒரு அக்கா, வயது 44, மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிற வேலை. பன்னிரண்டு வருஷமாகக் குழுவில் இருக்கிறார், அதில் ஏழு வருஷம் பிரதிநிதி. அவர் கேட்டுக்கொண்டதால் பேரும் ஊரும் போடவில்லை. ஆனால் "எழுதுங்க மேடம், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னவரும் அவர்தான்.

இடது மார்பில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தார்கள். அக்குளில் நெறி கட்டுமே, அந்த இடத்து முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். மூணு வாரத்துக்கு ஒன்று என்று எட்டு கீமோ ஊசி, அப்புறம் கரண்ட். எல்லாம் முடிய ஏறக்குறைய பத்து மாதம். காப்பீட்டு அட்டையில் சிகிச்சைச் செலவு போனது. போக்குவரத்து, துணைக்குப் போன மகனின் கூலி, சாப்பாடு இதெல்லாம் கையிலிருந்து போனது.

சிகிச்சை முடிந்து அவர் முதல்முறை கூட்டத்துக்கு வந்த நாளில் நானும் போயிருந்தேன். முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசல் பக்கமாக உட்கார்ந்தார். எல்லோரும் பாயில் இருக்க, அவருக்கு மட்டும் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது, அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில். நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் மேலே ஒரு காரியம் செய்தேன். "அக்கா, நீங்க இனிமே பேங்குக்கு அலைய வேண்டாம், நல்லா ரெஸ்ட் எடுங்க. உங்களுக்குப் பதிலா வேற பிரதிநிதி போட்டாச்சு" என்று சந்தோஷமாக அறிவித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்றார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பேச்சுக் கொடுத்த பிறகுதான் சொன்னார்: "பத்து மாசமா எங்க போனாலும் நான் நோயாளி. ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பர், வீட்டுல 'அவளுக்கு முடியல'ன்னு பேச்சு. குழுவுக்குப் போனா பழையபடி இருக்கலாம்னு நெனச்சேன் மேடம். நீங்க என் வேலைய எடுத்து வேறாளுக்குக் குடுத்துட்டு கை வேற தட்டுறீங்க. பேப்பர் கப்புல டீ குடுக்குறீங்க. நான் என்ன ஒட்டுவாரொட்டியா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சமூகப்பணி படித்தவள், பயிற்சி நடத்துகிறவள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுப்பை மாற்றலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. "ரெஸ்ட் எடுங்க" என்பதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் அவருக்கு அது "இனி நீ வேண்டாம்" என்று கேட்டிருக்கிறது.

ஒன்றை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே டம்ளரில் குடித்தாலும், பக்கத்தில் படுத்தாலும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாலும் ஒட்டாது. நம் ஊரில் வைக்கிற மாதிரி வெளியிலிருந்து மிஷினில் கரண்ட் வைத்தவர்கள் உடம்பிலிருந்து அடுத்தவருக்கு ஒன்றும் பரவாது. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் விடாதே என்று சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே போய் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

உடம்பு அசதி

சிகிச்சை முடிந்த மறுநாளே பழைய பலம் வந்துவிடாது. அசதி சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் இருக்கும். இது வேலை செய்து வருகிற களைப்பு மாதிரி தூங்கினால் போகிற அசதி இல்லை. வெளியே பார்க்க ஆள் நன்றாகத் தெரிவார். "நல்லாத்தானே இருக்கா, வேலைக்குப் போனா என்ன" என்று பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து வேலைக்குப் போய்ப் பாதியில் மயங்கி விழுந்த சகோதரியும் உண்டு.

இந்த அசதிக்கு முழு ஓய்வு மருந்தில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். படுத்தே இருந்தால் அசதி கூடும். தினமும் கொஞ்சம் நடந்தால் குறையும். முதலில் பத்து நிமிஷம், தெரு முனை வரை. அப்புறம் கூட்டிக்கொண்டே போய் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம். நம்ம அக்காவுக்குத் தனியாக நடக்கக் கூச்சம், ஊர் பார்க்குமே என்று. எதிர்வீட்டு மதினி சாயங்காலம் மாட்டுக்குப் புல் எடுக்கப் போகையில் கூடவே நடந்தார். அப்படியே பழகிவிட்டது.

தலைமுடி கீமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முதலில் பூனைமுடி மாதிரி, சிலருக்குச் சுருட்டையாக. அதுவரை "பழனிக்கு மொட்டையா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஆமா, முருகனுக்கு" என்று சொல்லிச் சமாளித்தாராம். அதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார்.

சில கீமோ மருந்துகள் விரல் நுனி, பாத நுனியை மரத்துப்போகச் செய்யும். இது நம் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம். பூப்பறிப்பது, பீடி சுற்றுவது, தையல், பூக்கட்டுவது எல்லாம் விரல் நுனி வேலை. மரத்த விரலில் ஊசி குத்தினாலும் சூடான தோசைக்கல் பட்டாலும் சட்டென்று தெரியாது. மரத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. ஆகவே செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போகக் கூடாது. சுடுதண்ணீரை விரலால் பார்க்காமல் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். மாதம் போகப் போக இது பலருக்குக் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லணும்.

கை: வாழ்நாள் முழுக்கக் கவனம்

இந்தப் பாடத்தில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

அக்குளில் நெறி முடிச்சுகளை எடுத்துவிட்டால் அந்தக் கையில் ஊறுகிற நீர் வடிகிற பாதை குறைந்துபோகிறது. வாய்க்காலில் பாதி மடையை அடைத்தது மாதிரி. அதனால் அந்தப் பக்கக் கை வீங்கலாம். எல்லோருக்கும் வராது. முடிச்சுகளை நிறைய எடுத்தவர்கள், அக்குளில் கரண்ட் வைத்தவர்கள், உடம்பு எடை கூடியவர்கள் இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் ஆகி ஆறு மாதத்திலும் வரலாம், ஐந்து வருஷம் கழித்தும் வரலாம். முற்றிவிட்டால் முழுசாகக் குறைப்பது கஷ்டம். ஆரம்பத்திலேயே பிடித்தால் பயிற்சியாலும் அழுத்தக் கட்டாலும் அடக்கி வைக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தையல்காரர் இஞ்ச் டேப் போதும். மணிக்கட்டு, முழங்கைக்கு நாலு விரல் கீழே, முழங்கைக்கு நாலு விரல் மேலே என்று மூன்று இடத்தில் இரண்டு கையையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே இடங்களில் அளக்கணும். ஆபரேஷன் செய்த பக்கம் முன்பு இருந்த வித்தியாசத்தைவிட 2 சென்டிமீட்டர் கூடிவிட்டால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அதற்கு முன்பே உடம்பு ஜாடை காட்டும்: ஜாக்கெட் கை பிடிக்கும், மோதிரம் இறுகும், கை கனமாகத் தெரியும். நம்ம அக்காவின் குழுவில் தையல் தெரிந்த பெண் ஒருவர் இருக்கிறார். கூட்டத்தன்று சேமிப்பு எழுதி முடித்ததும் அவரே டேப்பை எடுத்து அளந்துவிடுகிறார். இரண்டு நிமிஷ வேலை.

அந்தக் கையில் வெட்டு, சூடு, முள், பூச்சிக்கடி படாமல் பார்க்கணும். சின்னக் காயத்தின் வழியாகக் கிருமி உள்ளே போனால் கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்துவிடும். அப்படி வந்தால் மஞ்சள் பற்றுப் போட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. காயம் பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். கருவேல விறகு ஒடிப்பது, அரிவாளால் புல் அறுப்பது, பாத்திரம் தேய்ப்பது இதற்கெல்லாம் கையுறை போட்டுக்கொள்ளலாம். பூப்பறிக்கக் கையுறை ஒத்துவராது, மொட்டுத் தடவித் தெரியாது. நம்ம அக்கா வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு போகிறார். இது நம் பெண்கள் வயலுக்குப் போகையில் போடுகிற பழக்கம்தான். தோட்டத்தில் மருந்தடித்த அன்றைக்குப் போவதில்லை. வந்ததும் கையைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, தோல் வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்.

ஊசி போடவும், ரத்தம் எடுக்கவும், பிரஷர் பார்க்கவும் முடிந்தவரை மற்றக் கையைக் கொடுங்கள். நர்ஸ் அவசரத்தில் மறந்தாலும் நாம் நினைவுபடுத்தலாம்.

வளையல் விஷயத்தில் ஒரு வீட்டில் பெரிய சண்டையே வந்தது. இறுக்கமான வளையல், மோதிரம், ரப்பர் பேண்ட் எதுவும் அந்தக் கையில் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுமங்கலி ஒரு கையை மூளியாக வைத்திருக்கலாமா என்று மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. நான் போய்ப் பேசினேன். தளர்வாக ஓடுகிற வளையல் ஒன்றிரண்டு போட்டால் தப்பில்லை, வீக்கம் தெரிந்தால் அதையும் கழற்றிவிடணும் என்று சொன்ன பிறகு சமாதானம் ஆனார். மறு மாதம் அந்த அம்மாவே சந்தைக்குப் போய்ப் பெரிய அளவில் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். பெரியவர்களைத் திட்டுவதைவிட விவரம் சொன்னால் பல வீட்டில் கேட்கத்தான் செய்கிறார்கள்.

குடம் தூக்கலாமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. முன்பெல்லாம் "அந்தக் கையால் எதையுமே தூக்காதே" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். இப்போது அந்த எண்ணம் மாறியிருக்கிறது. மாறிய கதை சுவையானது.

கனடா நாட்டில் வான்கூவர் என்ற ஊரில் 1996-இல் டான் மெக்கென்சி என்ற டாக்டர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 24 பெண்களைச் சேர்த்தார். வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிற நீளமான டிராகன் படகு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். துடுப்புப் போடுவது கைக்கும் தோளுக்கும் கடினமான வேலை. கை வீங்கிவிடும் என்று பலர் பயந்தார்கள். படிப்படியாகப் பழக்கியதால் யாருக்கும் வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இப்படிப் பெண்கள் படகுக் குழுக்கள் இருக்கின்றன, போட்டிக்கும் போகிறார்கள். அதன் பிறகு 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களுக்கே வாரம் இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் கூடவில்லை, தொந்தரவு குறைந்தது.

ஆகவே தூக்கலாம். ஆனால் முதல் நாளே நிறை குடம் கூடாது. பதினைந்து லிட்டர் குடம் என்றால் தண்ணீர் மட்டும் 15 கிலோ. ஆபரேஷன் புண் ஆறி, டாக்டர் சரி சொன்ன பிறகு, இரண்டு லிட்டர் சொம்பிலிருந்து தொடங்குங்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். கை கனத்தால், வலித்தால், வீங்கினால் பழைய அளவுக்கு இறங்கிவிடுங்கள். துணி துவைக்கையில் கல்லில் ஓங்கி அடிக்காமல் கசக்கிப் பிழியுங்கள். மாவாட்டுவது, பால் கறப்பது எல்லாம் நடு நடுவே கையை உயர்த்தி ஆற வைத்துச் செய்யலாம்.

தோள் இறுகிவிடாமல் இருக்கப் பயிற்சி முக்கியம். சுவர் ஓரம் நின்று விரலால் சுவரில் ஏறுவது போல மேலே மேலே கொண்டு போய், எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். நாளைக்கு அதற்கு ஒரு விரல் மேலே. தலை வாருவதும், கொடியில் துணி காயப் போடுவதும்கூடப் பயிற்சிதான். நம்ம அக்கா வீட்டுச் சுவரில் அந்தக் கரிக்கோடுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்கிறபோது அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆரம்பத்தில் பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டும் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது.

மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?

சிலவகை மார்பகப் புற்றுநோய்க்கு எல்லாம் முடிந்த பிறகும் தினம் ஒரு மாத்திரை ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம்வரை கொடுப்பார்கள். டாமாக்சிஃபென், லெட்ரோசோல் என்று பேர் இருக்கும். பார்க்கச் சின்ன மாத்திரை, விலையும் குறைவு. அதனால் இது ஏதோ சத்து மாத்திரை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இந்த மாத்திரை வேலை செய்கிற வகை நோய்க்கு, ஐந்து வருஷம் டாமாக்சிஃபென் ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த நோயால் வருகிற இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம்ம அக்காவும் நாலு மாதம் நிறுத்திவிட்டார். திடீர் திடீரென்று உடம்பு எரிந்து வேர்த்துக் கொட்டியது, ராத்திரி தூக்கமில்லை. பக்கத்து ஊரில் ஒருவர், "அதான் வெட்டி எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை? நம்ம சூரணம் சாப்பிடு" என்று சொல்லியிருக்கிறார். மறு பரிசோதனைக்குப் போனபோதுதான் டாக்டருக்குத் தெரிந்து, திட்டித் திரும்ப ஆரம்பித்தார்கள். எரிச்சலுக்கு வழி இருக்கிறது, டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிக்கூடப் பார்ப்பார்கள். நாமாக நிறுத்தத்தான் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தாலோ, ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே போகணும்.

வயதில் இளைய சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கீமோவால் மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தங்கலாம். டாமாக்சிஃபென் சாப்பிடும்போது கரு தங்கக் கூடாது. ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையும் ஊசியும் வேண்டாம். காப்பர்-டி, ஆணுறை, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் இதில் எது சரி என்று டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள்.

மறு பரிசோதனை முதல் மூன்று வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வருஷம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷம் ஒருமுறை. மற்ற மார்பையும், எடுக்காமல் விட்ட மார்பையும் வருஷம் ஒருமுறை மேமோகிராம் எடுத்துப் பார்க்கணும். நடுவில் தழும்பிலோ அக்குளிலோ கட்டி, விடாத முதுகுவலி, விடாத இருமல் என்று ஏதாவது வந்தால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். தேதி நெருங்க நெருங்கப் பயம் வந்து சோறு இறங்காது என்று எல்லோருமே சொல்கிறார்கள். அன்றைக்குக் குழுவில் ஒருவர் துணைக்குப் போனால் பாதிப் பயம் குறையும்.

வீட்டுக்குள்ளே

இதைப் பேச நமக்குக் கூச்சம். ஆனாலும் பேசியாகணும். மார்பை எடுத்த பிறகு பல பெண்கள் விளக்கை அணைத்துத்தான் சேலை மாற்றுகிறார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் பரிதாபத்தில் வருகிறார் என்று நினைப்பு, வராவிட்டால் வெறுத்துவிட்டார் என்று நினைப்பு. அவரோ "வலிக்குமோ என்னமோ"ன்னு பயந்து தள்ளிப் படுத்திருப்பார். இரண்டு பேரும் பேசாமலே வருஷம் ஓடிவிடும். சேர்ந்து இருப்பதால் நோய் ஒட்டாது, திரும்பவும் வராது. வறட்சியும் வலியும் இருந்தால் பெண் டாக்டரிடம் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா வீட்டுக்காரரும் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அங்கே குழுதான் நிற்கணும்.

வெளியே போகும்போது ஒரு பக்கம் தட்டையாகத் தெரிகிறதே என்று கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்தார் நம்ம அக்கா. கடையில் விற்கிற சிலிக்கான் மார்பு ஆயிரக்கணக்கில் விலை. குழுவின் தையல் பெண் பழைய மெல்லிய பருத்திச் சேலையில் ஒரு பை தைத்தார். வெறும் பஞ்சு வைத்தால் எடையில்லாமல் மேலே ஏறிக்கொள்கிறது. அதனால் உள்ளே ஒரு சின்னப் பையில் கேழ்வரகு போட்டு, சுற்றிப் பஞ்சு வைத்து, துவைக்கும்போது கேழ்வரகுப் பையை எடுத்துவிடுகிற மாதிரி செய்தார். முன்பக்கம் கொக்கி வைத்த உள்பாடியில் அதற்கு ஒரு பாக்கெட். மூன்று முறை பிரித்துத் தைத்துச் சரியாக வந்தது. அக்கா அதை விசேஷத்துக்கு மட்டும் போடுகிறார். "தோட்டத்துக்கு எதுக்கு? மல்லிகைச் செடிக்கு என்ன தெரியப் போவுது" என்கிறார். புண் நன்றாக ஆறாமலும், கரண்ட் வைத்த தோல் தேறாமலும் இதைப் போடக் கூடாது.

இன்னொரு பயம் மகளைப் பற்றியது. "எனக்கு வந்தது தெரிஞ்சா எம்பொண்ண யார் கட்டுவா?" என்று சிகிச்சையையே மறைத்தவர்கள் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். மீதியெல்லாம் அப்படி இல்லை. சின்ன வயதில் வந்திருந்தாலோ, அம்மா, சித்தி, அக்கா என்று குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். மறைப்பதால் மகளுக்கு ஒரு நன்மையும் இல்லை. அவள் தன் உடம்பைக் கவனிக்கத் தெரியாமல் போவாள்.

கடனும் தீர்மானமும்

அக்கா குழுவில் வாங்கிய உள்கடன் 20,000 ரூபாய். அதில் 13,000 பாக்கி இருக்கும்போது நோய் வந்தது. பத்து மாதம் தவணை கட்டவில்லை. அவர் திரும்பி வராமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. குழுவிலும் முணுமுணுப்பு இருந்தது. "நம்ம குழு மதிப்பீட்டுல வாராக்கடன்னு வந்தா பேங்குல அடுத்த கடன் தருவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான், அவர் மகளின் காலேஜ் ஃபீஸ் அந்தக் கடனை நம்பி இருந்தது. அப்படிக் கேட்டவரைக் கெட்டவர் என்று நாம் ஒதுக்கக் கூடாது.

நான் அக்காவைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து, இந்த முறை அவரையே பேசச் சொன்னேன். "வட்டிய மட்டும் தள்ளிக் குடுங்க, அசல நான் கட்டிருவேன், முதல்ல பாதித் தவணை" என்றார். இரண்டு கூட்டம் விவாதித்துத் தீர்மானம் போட்டார்கள். சிகிச்சை நடந்த பத்து மாத வட்டி தள்ளுபடி. ஆறு மாதத்துக்குப் பாதித் தவணை, பிறகு முழுத் தவணை. வராத கூட்டங்கள் வருகைப் பதிவேட்டில் 'சிகிச்சை விடுப்பு' என்று எழுதப்பட்டன, அபராதம் இல்லை. இது குழுவின் சொந்தப் பணம், ஆகவே குழுவே முடிவு செய்யலாம். வங்கிக் கடன் என்றால் தவணை நிற்கிறதுக்கு முன்பே கிளைக்குப் போய் மேனேஜரிடம் பேசிவிடணும். எங்களிடம் இந்தத் தீர்மானம் பத்து மாதம் தாமதமாக வந்தது. சிகிச்சை தொடங்குகிற மாதமே போட்டிருந்தால் அவர் இவ்வளவு நாள் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்க மாட்டார்.

பிரதிநிதி பொறுப்பையும் பேசினோம். புதிதாக வந்தவர் நன்றாகவே செய்கிறார், அவரை இறக்கவும் முடியாது. அக்காவே ஒரு வழி சொன்னார். கணக்கு நோட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், பேங்குக்கு மாதம் ஒருமுறை புதியவரோடு போவதாகவும். உட்கார்ந்து செய்கிற வேலை, அவருக்குத் தெரிந்த வேலை. மூணு மாதம் பார்த்துவிட்டுத் திரும்பப் பேசுவோம் என்று எழுதி வைத்தார்கள்.

மறு பரிசோதனைக்குச் சென்னை போன்ற தூரத்து ஊர் போகிறவர்களுக்கு ரயில்வே சலுகை இருக்கிறது. புற்றுநோயாளி சிகிச்சைக்கும் மறு பரிசோதனைக்கும் போகும்போது படுக்கை வகுப்பில் டிக்கெட் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, உடன் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கென்று உள்ள படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி டிக்கெட் கவுன்டரில் கொடுக்கணும். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே அடுத்த தடவைக்குப் படிவத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும், டிஸ்சார்ஜ் தாள், பயாப்சி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். எங்கள் அக்கா ரேஷன் கார்டு வைக்கிற டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார், மழைக்கு நனையாமல். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

போன மாதக் கூட்டத்துக்கு நான் போனபோது அக்கா பாயில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முடி காதளவு வளர்ந்திருந்தது. ஒரு உறுப்பினர் போன மாதச் சந்தாவைத் தரவில்லை என்று அவரிடம் கறாராகக் கேட்டுக்கொண்டிருந்தார். டீ எல்லோருக்கும் டம்ளரில் வந்தது.

குழுவில் பேச:

நம் குழுவில், அல்லது நம் தெருவில், பெரிய நோய்க்குச் சிகிச்சை முடிந்து வந்தவர் யாராவது கூட்டத்துக்கு வராமல் இருக்கிறார்களா? கடைசியாக அவர் வீட்டுக்கு யார், எப்போது போனார்கள்?

ஒரு உறுப்பினருக்குச் சிகிச்சை தொடங்கினால் அவருடைய உள்கடன், சேமிப்பு, வருகை இவற்றுக்கு நம் குழு என்ன விதி வைத்திருக்கிறது? இல்லை என்றால் இந்தக் கூட்டத்திலேயே பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

அவர் திரும்பி வந்தால் என்ன வேலை செய்யப் பிரியப்படுகிறார் என்று அவரிடமே கேட்க நம்மில் யார் போவது?

எழுதிய தீர்மானத்தின் நகலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள். குழுவில் இஞ்ச் டேப் இல்லையென்றால் அதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள், கூட்டமைப்பிலிருந்து வாங்கித் தருகிறோம்.